போர்டு பார்த்து ஏறுவோம்!

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், முத்துப்பேட்டை)



முன்னுரை

ஆண்டு மலர் என்றால் கவிதை எழுதுவோர் பலர், துணுக்கு எழுதுவோர் பலர். நான் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். பி, ஓ, ஏ, ஆர், டி என்னும் ஐந்து எழுத்துகளைக் கொண்ட 'போர்டு' என்பதே அந்தச் சொல்.

"இது என்னப்பா பெரிய வார்த்தை? பஸ் போர்டு, பிளாக் போர்டு, கேரம் போர்டு எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!" என்று நீங்கள் சிரிக்கலாம். உண்மைதான். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிகூட, "போர்டு பாத்து ஏறுடா" என்று சொல்லித்தான் என்னைப் பஸ்சுக்கு அனுப்பும். அதில் போர்டு என்பது பெயர்ப்பலகை. ஆனால் ஆங்கிலத்தில் 'ஏறு' என்பதற்கும் அதே போர்டுதான்! பாட்டி சொன்ன மூன்று சொற்களில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ஆங்கிலத்தில் ஒன்றே.

இந்தச் சொல் ரயில் முன்பதிவுப் படிவத்தில் இருக்கிறது. விமான டிக்கெட்டில் இருக்கிறது. விடுதி விண்ணப்பத்தில் இருக்கிறது. வேலை கிடைத்ததும் கம்பெனி அனுப்பும் கடிதத்திலும் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் இல்லை. வீட்டில் படித்தவர்கள் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போலவே வீட்டில் கேட்க ஆள் இல்லாத நண்பர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பலகையிலிருந்து பிறந்த சொல்

போர்டு என்பது பழைய ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று இருந்தது. அதற்கு முதற்பொருள் பலகை. பலகையால் செய்த மேசைக்கும் அதே பெயர். கப்பலின் பக்கவாட்டுக்கும் அதே ஒலியுடைய சொல் இருந்தது. கப்பலின் பக்கமும் பலகையால் ஆனதுதானே! காலப்போக்கில் எல்லாம் ஒரே சொல்லாகக் கலந்துவிட்டன.

கப்பலின் பக்கத்தில் சேர்ந்து, அதன்மேல் ஏறுவதற்கு 'போர்டு' என்று பெயர் வந்தது. முதலில் இது சண்டைச் சொல். எதிரியின் கப்பலை ஒட்டி நம் கப்பலை நிறுத்தி, அதில் தாவி ஏறிப் பிடிப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். பிறகுதான் சாதாரணப் பயணிகள் ஏறுவதற்கும் வழங்கியது. கப்பலுக்குப் பின் ரயில் வந்தது, பஸ் வந்தது, விமானம் வந்தது. வாகனம் மாறினாலும் சொல் மாறவில்லை.

கப்பலின் வலப்பக்கத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டார்போர்டு' என்பார்கள். நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காலத்துக் கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. திருப்பும் பக்கம் என்பதுதான் அப்படித் திரிந்தது.

பலகைக்கும் ஏறுவதற்கும் உள்ள உறவை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையம் திறந்ததும் போய்ப் பாருங்கள். தரைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். 40 கிலோ மூட்டையை முதுகில் வாங்கி, அந்தப் பலகை மேல் நடந்து ஏறி, லாரியில் அடுக்குவார்கள். என் அப்பா அந்த வேலைதான் செய்கிறார். அலையாத்திக் காட்டுக்குப் போகும் படகிலும் சில சமயம் கரைக்கும் படகுக்கும் பலகை போட்டுத்தான் ஏற்றுவார்கள். பலகை இல்லாவிட்டால் ஏற்றம் இல்லை.

2. இலக்கணம் கொஞ்சம்

தமிழில் 'ஏறு' என்ற ஒரு சொல் போதும். பஸ்சில் ஏறினேன், காரில் ஏறினேன், சைக்கிளில் ஏறினேன், மரத்தில் ஏறினேன். எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கீழ்க்கண்ட விதிகளை நினைவில் கொள்க.

(அ) பலரும் சேர்ந்து போகும் பெரிய வாகனங்களுக்கே 'போர்டு' வரும். பஸ், ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றை போர்டு செய்யலாம். சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார் ஆகியவற்றுக்கு இச்சொல் பொருந்தாது.

(ஆ) 'போர்டு' என்ற வினைக்குப் பின் 'இன்', 'இன்டு' எதுவும் சேர்க்கக் கூடாது. "ஐ போர்டட் தி பஸ் அட் முத்துப்பேட்டை" என்பதே சரி. "ஐ போர்டட் இன்டு தி பஸ்" என்பது தவறு. இந்தத் தவறு ஏன் வருகிறது? தமிழில் 'பஸ்சில்' என்று 'இல்' உருபு போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறோம்.

(இ) பேச்சில் 'போர்டு' என்று அதிகம் சொல்ல மாட்டார்கள். 'கெட் ஆன்' அல்லது 'கெட் இன்' என்பார்கள். எதற்கு 'ஆன்', எதற்கு 'இன்'? ஒரு சுலப வழி உண்டு. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் 'கெட் ஆன்'. ஆகவே பஸ், ரயில், கப்பல், விமானம். குனிந்து நுழைந்து உட்காரத்தான் முடியும் என்றால் 'கெட் இன்'. ஆகவே கார், ஆட்டோ. சைக்கிளும் குதிரையும் மேலே உட்காருபவை, ஆதலால் அவற்றுக்கும் 'ஆன்'. சிறிய படகுக்கு 'இன்', பெரிய கப்பலுக்கு 'ஆன்'.

(ஈ) இறங்குவதற்கு எழுத்து வழக்கில் 'அலைட்' என்பார்கள். ரயில் நிலைய அறிவிப்புகளில் பார்த்திருப்பீர்கள். பாரம் குறைவது என்ற பொருளிலிருந்து வந்த சொல் அது. நாம் இறங்கினால் வண்டிக்குப் பாரம் குறைகிறதல்லவா!

(உ) கப்பலில் ஏறுவதற்கு 'எம்பார்க்' என்றும் ஒரு சொல் உண்டு. 'பார்க்' என்பது இங்கே பூங்கா அல்ல, ஒரு வகைக் கப்பல். வெளிநாடு போகும் இந்தியர்கள் விமான நிலையத்தில் 'எம்பார்க்கேஷன் கார்டு' என்று ஒன்றை நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2017 ஜூலை 1 முதல் அது நிறுத்தப்பட்டது.

(ஊ) 'தி ஃப்ளைட் இஸ் போர்டிங்' என்று ஒலிபெருக்கியில் சொன்னால், விமானம் எதன்மேலோ ஏறுகிறது என்று பொருள் அல்ல. பயணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், உடனே போ என்று பொருள்.

3. குழப்பும் இரட்டையர்கள்

'அபோர்டு', 'அப்ராடு' என்ற இரண்டு சொற்களையும் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் அதே ஆறு எழுத்துகள். 'ஆர்' என்ற எழுத்து மட்டும் இடம் மாறுகிறது. 'அபோர்டு' என்றால் வாகனத்தில் ஏறியிருப்பது. 'அப்ராடு' என்றால் வெளிநாடு. நம்ம முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கக்கூடிய ஊர்கள். முதலில் அபோர்டு, அப்புறம்தான் அப்ராடு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

'போர்டர்' என்று உச்சரிக்கும் சொற்களும் இரண்டு. 'ஏ' என்ற எழுத்தோடு எழுதினால் விடுதியில் தங்கிச் சாப்பிடுபவர். 'ஏ' இல்லாவிட்டால் எல்லை. 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்பதற்கு வரும் 'போர்டு' என்பதும் ஒலியில் ஒன்று, எழுத்தில் வேறு.

4. ரயிலில் 'போர்டிங்'

ரயில்வே முன்பதிவுப் படிவத்தில் எங்கிருந்து, எதுவரை என்று கேட்பதோடு 'போர்டிங் அட்' என்றும் ஒரு இடம் விட்டிருப்பார்கள். டிக்கெட் ஒரு நிலையத்திலிருந்து எடுத்திருப்போம், ஏறுவது அடுத்த நிலையமாக இருக்கும். உதாரணமாக, சென்னையிலிருந்து ஊருக்கு வருபவர் எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, வேலை முடிந்து தாம்பரத்தில் ஏறலாம் என்று நினைக்கிறார். அதை முன்னாடியே பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் டிக்கெட் பரிசோதகர், "ஆள் வரவில்லை" என்று குறித்து, ஆர்.ஏ.சி. பட்டியலில் காத்திருப்பவருக்கு அந்தப் படுக்கையைக் கொடுத்துவிடலாம். கேட்டுப் பயன் இல்லை. அதேபோல் தாம்பரம் என்று மாற்றிவிட்டு, மனம் மாறி மறுபடி எழும்பூரிலேயே போய் ஏறினாலும் அந்த இடத்துக்கு உரிமை கோர முடியாது. முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் விதி.

நம்ம ஊர் ரயிலுக்கும் இந்தச் சொல்லுக்கும் இன்னொரு பந்தம் உண்டு. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரயில் பாதை வந்தது. அதைப் போட்டது யார் தெரியுமா? தஞ்சாவூர் ஜில்லா போர்டு! நிலவரியோடு சேர்த்து ஒரு சிறு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் போட்ட பாதை அது. அதாவது நம் பாட்டன் பூட்டன் காலத்து விவசாயிகள் கட்டிய காசு. 1903-ல் அது அறந்தாங்கி வரை நீண்டது. மீட்டர் கேஜாக இருந்த அப்பாதை அகலப்படுத்தப்பட்டு, 2019 ஜூனில் திருவாரூர் முதல் காரைக்குடி வரை முழுவதும் திறக்கப்பட்டது. போர்டு போட்ட பாதையில் நாம் போர்டு செய்கிறோம்!

5. கப்பலும் விமானமும்

வெளிநாட்டுக்கு நம் மக்கள் விமானத்தில் போவதற்கு முன்பு கப்பலில்தான் போனார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பெட்டி படுக்கையோடு படகில் போய், அலையில் ஆடிக்கொண்டே அதில் ஏற வேண்டும். கப்பலின் பக்கத்தில் போய் ஏறுவது என்று சொன்னேனே, அந்தப் பழைய பொருளில் போர்டு செய்தவர்கள் நம் முன்னோர்கள். ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடியது. அது 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்கு உள்ளானது.

இப்போது திருச்சியில் விமானம் ஏறுகிறோம். இங்கேதான் கவனம் தேவை. விமான டிக்கெட்டிலும் போர்டிங் பாஸிலும் இரண்டு நேரங்கள் பார்க்கலாம். 'டிபார்ச்சர்' என்பது விமானம் கிளம்பும் நேரம். 'போர்டிங் டைம்' என்பது ஏற்றத் தொடங்கும் நேரம். நம்ம பஸ் பழக்கத்தில், "வண்டி கிளம்புறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போனா போதும்" என்று நினைக்கலாம். விமானத்தில் அது நடக்காது. கிளம்புவதற்குச் சுமார் 20, 25 நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். பெட்டியைக் கொடுத்துப் பாஸ் வாங்கும் கவுண்டரையோ ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது வழக்கம்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் முதன்முதலாக வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினார். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் நகையை அடகு வைத்துப் புரட்டியது. பாஸ் வாங்கி, சோதனை எல்லாம் முடித்து உள்ளே போய் உட்கார்ந்தவர், கிளம்பும் நேரத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "தம்பி, உங்க பாஸ்ல போட்டிருக்கிற நேரம் ஆயிடுச்சு, எந்திரிங்க" என்று கையைப் பிடித்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பெரியவர் இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும்? அண்ணனுக்குப் படிப்பு குறைவு என்று இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது பயணம் கிளம்பினால், அந்தச் சீட்டில் போர்டிங் டைம் எங்கே இருக்கிறது என்று பேனாவால் வட்டம் போட்டுக் கொடுங்கள். நாம் படித்த படிப்புக்கு முதல் பயன் அதுவாக இருக்கட்டும்.

'டினைடு போர்டிங்' என்றும் ஒன்று உண்டு. உறுதியான டிக்கெட்டோடு, நேரத்துக்கு வந்தும், இருக்கையை விட அதிகமாக விற்றுவிட்ட காரணத்தால் ஏற்ற மறுப்பது. அப்படி மறுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தர வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும் என்று நம் நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் விதி இருக்கிறது. நாம் தாமதமாகப் போய்விட்டு அதைக் கேட்க முடியாது.

6. சாப்பாடும் போர்டுதான்

டவுனுக்குப் போனால் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருப்பார்கள். நான் விடுதிக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனபோது அப்பா கேட்டார், "போர்டிங்னு ஒரு ரூபா, லாட்ஜிங்னு ஒரு ரூபாயா? ரெண்டும் ஒண்ணுதானேடா, எதுக்கு ரெண்டு தடவை?" நியாயமான கேள்வி. லாட்ஜிங் என்பது தங்கும் இடம். போர்டிங் என்பது சாப்பாடு. போர்டு என்றால் மேசை என்று முன்பே பார்த்தோம். சாப்பாட்டு மேசை, மேசை மேல் வைக்கும் சாப்பாடு என்று பொருள் நகர்ந்தது. ஆகவே இரண்டு தொகைகளையும் தனித்தனியே பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து, "இவ்வளவுதானா!" என்று சேர்ந்துவிட்டு, மாதக் கடைசியில் மெஸ் பில் வரும்போது முழிக்கக் கூடாது.

7. வாரியம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும் குழுவுக்கும் போர்டு என்று பெயர் வந்தது. கம்பெனி இயக்குநர்களின் போர்டு, நமக்குத் தேர்வு நடத்தும் தொழில்நுட்பக் கல்வி போர்டு எல்லாம் இவ்வகை. தமிழில் இதற்கு 'வாரியம்' என்கிறோம். தமிழ்நாடு மின்சார வாரியம் 1957-ல் தோன்றியது. 2010-ல் அதைக் கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் நம் மக்கள் வாயில் இன்றும் 'ஈ.பி.'தான்!

வாரியம் என்பது நேற்று உண்டாக்கிய சொல் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்றெல்லாம் வருகின்றன. குடத்தில் ஓலை போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு போர்டு! ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அச்சொல்லை எடுத்து ஆங்கிலச் சொல்லுக்கு நேராக வைத்த அறிஞர்களை நாம் பாராட்ட வேண்டும்.

8. நம் பாடத்தில் போர்டு

நமக்கு டிராயிங் போர்டு தெரியும். எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு சுவிட்ச் போர்டு. எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு 'பிரெட் போர்டு'. பிரெட் எங்கிருந்து வந்தது? ரேடியோ புதிதாக வந்த காலத்தில் வீட்டிலேயே சர்க்யூட் செய்து பார்த்தவர்கள், சமையலறையில் ரொட்டி வெட்டும் பலகையில் ஆணி அடித்து ஒயர் சுற்றினார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. காரில் உள்ள 'டாஷ் போர்டு' குதிரை வண்டியிலிருந்து வந்தது. குதிரைக் குளம்பு வாரி அடிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் படாமல் இருக்க முன்னால் வைத்த பலகை அது. வண்டியோடு சேர்ந்தே இருக்கும் சாதனத்துக்கு 'ஆன்போர்டு' என்பார்கள். மின்சார வண்டியின் உள்ளேயே இருக்கும் சார்ஜர் 'ஆன்போர்டு சார்ஜர்'.

வளாகத் தேர்வில் வேலை கிடைத்தவர்களுக்கு 'ஆன்போர்டிங்' என்று கடிதம் வரும். கப்பலில் ஏற்றிக்கொள்வது போல, புதிய ஆளை நிறுவனத்தில் சேர்த்துக்கொள்ளும் வேலைகள் என்று பொருள். சான்றிதழ் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு, பயிற்சி எல்லாம் அதில் அடங்கும். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

9. யார் ஏறலாம்?

இதுவரை எப்படி ஏறுவது என்று பார்த்தோம். யார் ஏறலாம் என்ற கேள்வியும் ஒரு காலத்தில் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டோம் என்று பல பஸ் முதலாளிகள் மறுத்தார்கள். காசு கையில் இருந்தும் பஸ்சில் ஏற முடியாது. அப்போது ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்சுக்கு லைசென்ஸ் இல்லை என்று அவர் உத்தரவு போட்டார். பஸ் கதவு திறந்தது! சென்னையில் உள்ள பாண்டி பஜார் அவர் பெயரால் வழங்குவதே.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த கொடுமை அல்ல. அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் முன்வாசலில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் மறுபடி ஏற வேண்டியிருந்தது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண்மணி, வெள்ளையருக்காகத் தன் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அதன்பின் அம்மக்கள் 381 நாட்கள் பஸ்சிலேயே ஏறாமல் நடந்தார்கள். ஏற மறுத்தே வென்றார்கள்.

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் இதுவே போராட்டம். எந்தக் கப்பலில் ஏறுவது? வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து ஆளைப் பிடித்தது. காசு அதிகமானாலும் சுதேசிக் கப்பலிலேயே ஏறியவர்கள் இருந்தார்கள். ஏறுவது என்பது சின்னச் செயல்தான். ஆனால் அதற்குள் உரிமையும் மானமும் அடங்கியிருக்கின்றன.

10. ஃபுட்போர்டு: ஒரு வேண்டுகோள்

கடைசியாக, நமக்கு மிகவும் நெருக்கமான ஒரு போர்டு. அதுதான் ஃபுட்போர்டு! கால் வைத்து ஏறுவதற்கான பலகை என்பதே அதன் பொருள். பயணம் செய்வதற்கான பலகை அல்ல.

கூட்டம் அதிகம், பஸ் குறைவு என்பது உண்மை. காலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் நாமும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே வண்டியில் போக வேண்டியிருக்கிறது. அதற்காகக் கூடுதல் பஸ் கேட்டு மாணவர் பேரவை மூலம் மனு கொடுப்போம், கொடுக்க வேண்டும். ஆனால் உள்ளே இடம் இருந்தும் படியில் தொங்குகிறோமே, அது எதற்கு?

முதலாம் ஆண்டில் படித்த இயக்க ஆற்றலைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். பஸ் மெதுவாக, மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போவதாக வைப்போம். அது வினாடிக்கு 5 மீட்டர். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவனின் இயக்க ஆற்றல் எவ்வளவு? அரை பெருக்கல் 50 பெருக்கல் 5-ன் வர்க்கம், ஆக 625 ஜூல். இதே ஆற்றல் அவன் சுமார் 1.28 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும். வேகம் 36 கி.மீ. ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! 2500 ஜூல். அது 5 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதோடு பின் சக்கரம் பக்கத்திலேயே உருள்கிறது.

ஓடும் பஸ்சில் ஏறுவதும் இப்படியே. கால் பஸ்சின் வேகத்துக்குப் போய்விடும், உடம்பு தன் பழைய நிலையிலேயே இருக்கப் பார்க்கும். நியூட்டனின் முதல் விதி கண்டக்டருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் காலை 8 மணிக்கு மட்டும் மறந்துவிடுகிறது!

சட்டமும் இதையே சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆவது பிரிவின்படி வாகனத்தின் படிப்பலகையிலோ கூரையிலோ யாரும் பயணம் செய்யக் கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156-ஆவது பிரிவின்படி ரயில் கூரையிலோ படியிலோ போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நண்பர்களே, சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டாம். வீட்டில் நம்மை நம்பி இருப்பவர்களை நினைத்துச் செய்வோம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால், அந்த வீட்டில் அடுத்த பிள்ளையை யார் தைரியமாகப் படிக்க அனுப்புவார்கள்?

முடிவுரை

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று மூட்டையோடு பலகையில் ஏறுகிறவரின் பிள்ளை நாளை விமானத்தில் ஏறலாம், ஒரு போர்டில் உறுப்பினராகவும் அமரலாம். அதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. படிவத்தில் உள்ள சின்னச் சின்னச் சொற்களின் பொருள் தெரிந்தால் பாதி வழி கடந்த மாதிரி. தெரியாத சொல்லைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். தெரிந்த சொல்லைப் பிறருக்குச் சொல்வதில் கஞ்சத்தனமும் வேண்டாம். நாம் ஏறிய பின் பலகையை இழுத்துக்கொள்ளாமல், பின்னால் வருபவர்க்கும் விட்டு வைப்போம்.

வண்டி நின்றபின் ஏறுவோம், உள்ளே சென்று நிற்போம், போர்டு பார்த்து ஏறுவோம்!